வாலில் இருந்து ஆங்கிலம்

எங்கட விடுதி அறையில ஒரு ஐஸ்கிரீம் பெட்டி நிறையக் கடதாசித் துண்டுகள் இருக்கு. துண்டுக்கு ஒரு ஆங்கிலச் சொல். இரவுச் சாப்பாடு முடிய நாங்கள் நாலு பேரும் அதைக் கட்டிலில் கொட்டி வசனம் அடுக்குவோம். பார்க்கிறவைக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு. நாங்கள் நாலு பேரும் தமிழ் மூலம் படித்துக் கம்பஸ் வந்தவர்கள். இங்கே விரிவுரைகள் ஆங்கிலத்தில். கேட்டால் விளங்குது, எழுதவும் ஓரளவு வருது. ஆனால் “கேள்வி இருக்கா?” என்று சேர் கேட்டதும், மனதில இருக்கிற கேள்வியை அடுக்கி முடிக்கிறதுக்குள்ள அவர் அடுத்த பாடத்துக்குப் போயிடுவார். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இந்த நாட்டின் இணைப்பு மொழி ஆக்கியது. எங்களைப் பின்வாங்கிலேயே இருத்தி வைத்திருப்பதும் அதுதான்.

சொல் தெரியாத பிரச்சினை இல்லை இது. “தம்பியை நாய் கடிச்சது”, “நாய் தம்பியைக் கடிச்சது”, “கடிச்சது நாய், தம்பியை.” எப்படிப் புரட்டினாலும் கடி வாங்கினது தம்பிதான். அந்த ‘ஐ’ காவல் நிற்குது. ஆங்கிலத்தில் காவலுக்கு ஆளில்லை. நிற்கிற இடம்தான் வேற்றுமை உருபு. இடம் மாறினால் தம்பி நாயைக் கடித்துவிடுவான். ரியூசனில் செயப்பாட்டு வினை, நேர்கூற்று, அயற்கூற்று எல்லாம் சூத்திரமாகப் பாடமாக்கினோம். இந்த ஒரு விசயத்தை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

துண்டுகளோடு மினக்கெட்டதில் ஒன்று பிடிபட்டது. நீங்களும் செய்து பாருங்கோ. “நான் / நேற்று / கொழும்பில இருந்து / பஸ்ஸில / வந்தனான்.” ‘நான்’ஐ அந்த இடத்திலேயே விட்டுவிட்டு மிச்சத்தை வாலில் இருந்து வாசியுங்கோ: “ஐ / கேம் / பை பஸ் / ஃப்ரொம் கொலம்போ / யெஸ்டடே.” துண்டுக்குள்ளேயும் தலைகீழ்தான்: ‘பஸ்ஸில’ என்பதில் ‘இல’ பின்னால், ‘பை பஸ்’ஸில் ‘பை’ முன்னால். எல்லா வசனமும் இப்படிக் கண்ணாடி போல விழாது. ‘சிவப்புச் சாறி’ அங்கேயும் ‘ரெட் சாரி’தான். ஆனாலும் தொடங்க ஒரு நுனி கிடைத்தது.

பக்கத்து அறைச் சிங்களத் தோழியும் இப்ப வந்து இருக்கிறாள். அவளின் வசனம்: “மம ஈயே கொளம்ப இந்தலா பஸ் எகென் ஆவா.” சொல்லுக்குச் சொல் எங்கட ஒழுங்கு. அவளுக்கும் வினை கடைசியில்தான், அவளும் விரிவுரையில் வாய் திறக்கிறதில்லை. கொரியாவுக்குப் போகப் பரீட்சை எழுதுகிற பெடியள் கொரிய மொழியை இவ்வளவு துணிவாகத் தொடங்குகிறதுக்கு, அங்கேயும் வினை கடைசியில் வருவது ஒரு காரணமோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம்.

உண்மையான கரைச்சல் கேள்விதான். தமிழில் வாய் திறந்த பிறகும் யோசிக்கலாம். “நீங்கள் அதைப் பார்த்தீங்கள்” வரைக்கும் சொல்லிப்போட்டு, எதிரில இருக்கிறவரின் முகத்தைப் பார்த்து, ‘ஆ’ போட்டுக் கேள்வி ஆக்கலாம், ‘தானே’ போட்டுச் சமாளிக்கலாம். ஆங்கிலத்தில் ‘டிட்’ என்று முதலே அறிவிக்க வேணும். கூச்சப்படுகிறவைக்கு இது பெரிய பாரம். அதனால இப்ப தலைகளை மட்டும் பழகுகிறோம்: “டஸ் திஸ்”, “வை டிட்”, “கேன் வீ”. தலை வெளியில வந்தால் உடம்பு எப்படியும் பின்னால வரும். இந்தத் தவணையில் எங்களில் ஒருத்தி இரண்டு தரம் கை தூக்கிவிட்டாள். “வெயார் இஸ் த பஸ்” என்பது “டூ யூ நோ” முன்னால் வந்ததும் “வெயார் த பஸ் இஸ்” என்று திரும்பவும் புரளுதே, அதுக்கு இன்னும் நேரம் எடுக்குது.

பஸ்ஸில் போகும்போது துண்டில்லாமல் பழகுவோம். ஆரும் தமிழில் சொல்கிறதை மனதுக்குள்ளே ஆங்கிலத்தில் புரட்டுவது. போன கிழமை முன் சீற் அம்மா ஒருவர் போனில், “அவன் அண்டைக்குச் சந்தைக்குள்ள, அவ்வளவு சனத்துக்கு முன்னால, மாமியின்ட கையில இருந்த அந்தப் பையை…” என்றார். ‘ஹீ’ என்று தொடங்கிவிட்டு வினைக்காகக் காத்திருந்தோம். அம்மா கோண்டாவில் சந்தியில் இறங்கிவிட்டார். அவன் பறிச்சானோ, வாங்கிக் காவினானோ தெரியாது. அவர் ஆங்கிலத்தில் கதைத்திருந்தால் இரண்டாம் சொல்லிலேயே தெரிந்திருக்கும்.