பெற்றவள் போட்ட மனு

உச்ச நீதிமன்றத்தின் நல்ல தீர்ப்பு ஒன்று, பெங்களூரு ஜோகுபாளையத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணைத் தான் பெற்ற மகளுக்காகவே மனுப் போட வைத்தது. தீர்ப்பின் மேல் எனக்கு அன்றும் குறையில்லை, இன்றும் இல்லை. டெல்லியில் எழுதியது எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் என்ன ஆனது என்பதுதான் விஷயம்.

தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகிறார்கள் என்று 2007இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போனது. அதையே ரிட் மனுவாக ஏற்றுக்கொண்டார்கள். மணிப்பூர், அசாம் குழந்தைகள் தமிழ்நாட்டு இல்லங்களுக்குக் கடத்திவரப்பட்ட விவகாரமும் இடையில் சேர்ந்துகொள்ள, வழக்கு பத்து வருஷம் இழுத்தது. 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா தீர்ப்பளித்தார்கள். குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றும் அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் பதிவாகியிருக்க வேண்டும். ஆய்வுக் குழுக்கள் நேரில் போக வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். சமூகத் தணிக்கை நடக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்ததற்குத்தான் பெரும்பாலும் கெடு வைத்தார்கள். பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

அந்தப் பெண்ணின் மகள் இருந்த இடத்தை அவள் 'ஹாஸ்டல்' என்றுதான் சொல்வாள். புருஷன் விட்டுப் போனபின், இந்திரா நகரில் நாலு வீட்டு வேலையை வைத்துக்கொண்டு மகளை ஒற்றை அறையில் தனியே விட மனமில்லாமல், ஊருக்கு வெளியே ஒரு டிரஸ்ட் நடத்திய விடுதியில் சேர்த்திருந்தாள். ஞாயிறு தோறும் பார்த்துவிட்டு வருவாள். பொங்கலுக்கும் அல்சூர் பல்லக்குத் திருவிழாவுக்கும் வீட்டுக்குக் கூட்டிவருவாள். தண்டனைக்குப் பயந்து விடுதிக்காரர்கள் அதைக் குழந்தைகள் இல்லமாகப் பதிய விண்ணப்பித்தார்கள். அப்படிப் பதிவாகும் இல்லத்தில் ஒரு குழந்தை தங்க வேண்டுமானால் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேண்டும், வெளியே வரவும் வேண்டும். அடுத்த பண்டிகைக்குக் கூட்டிவரப் போனவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்கள். "என் புள்ளைய நான் கூட்டிட்டு வர எதுக்கு சார் மனு?" என்று, மனு எழுத உட்கார்ந்த என்னிடம் கேட்டாள். சட்டப்படி பதில் சொன்னேன். அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது என்பது எனக்கும் தெரியும்.

குழந்தைகள் நலக் குழு என்பது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது, மாஜிஸ்திரேட்டுக்குள்ள அதிகாரத்தோடு உட்காருவது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று அது முடிவு செய்தால்தான் இல்லத்தில் இடம். வீடிருந்து, தாய் உயிரோடிருக்கும் பிள்ளைக்கு அந்த முடிவை எட்ட எளிய வழி, தாய் வளர்க்கத் தகுதியற்றவள் அல்லது இயலாதவள் என்று பதிவதுதான். விடுதிக்காரர்கள் அப்படி ஒரு தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கவும் பார்த்தார்கள். மாதம் தவறாமல் சாப்பாட்டுப் பணம் கட்டிய தாய், மகளின் விடுதிக் கட்டிலைக் காப்பாற்றிக்கொள்ளத் தான் கையாலாகாதவள் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நிறுவனத்தில் வைப்பது கடைசி வழி என்று அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்வதை மனுவின் முதல் வரியாக வைத்தேன்.

நலக் குழுவின் விசாரணையன்று மகளின் பராமரிப்புத் திட்டத்தைப் பார்க்க அனுமதி கேட்டேன். படிவம் 7. குழந்தையிடம் பேசி, அவள் உடல்நிலை, படிப்பு, ஆசை, பயம் எல்லாம் தெரிந்து எழுத வேண்டியது. எதிர்பார்ப்பு என்ற இடத்தில், நன்றாகப் படித்து டாக்டராக வேண்டும் என்றிருந்தது. பெண் உறுப்பினர் ஒருவர் மற்றப் பிள்ளைகளின் கோப்புகளையும் எடுக்கச் சொன்னார். அதே நீல மை, அதே கையெழுத்து, ஐந்து வயதுப் பையன் வரைக்கும் அத்தனை பேரும் டாக்டர். கோப்புகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு அந்த அம்மாள் சிறுமியைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழிலேயே பேச்சுக் கொடுத்தார். வெகுநேரம் கழித்து ஒன்று வெளியே வந்தது. ராத்திரி வார்டன் கதவைப் பூட்டிவிடுவார், அவசரமானாலும் கக்கூஸ் போக முடியாது, கேட்டால் திட்டு. ஏழு குழந்தைக்கு ஒரு கழிப்பறை என்பது விதி. அங்கே கணக்கு சரியாகவே இருந்தது. ராத்திரி அது திறந்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் விசாரணை நடந்த அதே 2018இல் பீகாரில் முசாபர்பூர் சிறுமியர் காப்பகத்தின் பாலியல் கொடுமை விவகாரம் வெடித்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, மூன்று பேருக்குக் குறையாமல், ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் உட்பட ஆய்வுக் குழு போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதிகாரிகள் கண்ணில் படாததை, டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் சமூகத் தணிக்கைக் குழு சிறுமிகளோடு உட்கார்ந்து பேசிக் கண்டுபிடித்தது. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் பத்தொன்பது பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் அந்த ஊர்க் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவரும் ஒருவர். காவலுக்கு வைத்த ஆளே கூட்டாளியானால் எந்தப் படிவம் காப்பாற்றும்?

எங்கள் மனு ஜெயித்தது. மகளைத் தாயிடம் ஒப்படைத்து, மாத உதவித்தொகைக்கும் பரிந்துரைத்தார்கள். அப்போது 2,000 ரூபாய். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் வந்தபின் 4,000. பணம் வருவதற்குள், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்காக அவள் சாயங்கால வேலை இரண்டை விட்டுவிட்டாள். ஜெயித்துக் கொடுத்த நான் அந்தக் கணக்கை அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை, அவளே சொன்னாள். கட்டடம் விதிப்படி இருந்ததால் இல்லத்துக்கும் ஐந்து வருஷப் பதிவு கிடைத்தது.

பிறந்த நாளுக்கு இல்லங்களில் சாப்பாடு போடும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அடுத்த முறை போகும்போது ஆலோசனைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது அலுவலகத்தை விட்டு விலகி, குழந்தைகள் தூங்கும் அறைப் பக்கம் இருக்க வேண்டும். வாரா வாரம் இல்லத்துக் குழந்தைகளின் குழுவுக்கு முன்னால் திறக்க வேண்டும். அலுவலக வாசலில் தூசி படிந்து தொங்கினால் நலக் குழுவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். பிள்ளைகளில் ஒன்று ஏதாவது சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அன்றைக்கே கூப்பிடுங்கள்.