காட்டின் கணக்கு யார் கையில்?

செல்வம் கொழிக்கும் நாடொன்று மற்றொரு நாட்டை நோக்கி, "உன் காட்டை வெட்டாதிரு, அதற்கு நான் பணம் தருகிறேன்" என்று கூறுவது உலக வரலாற்றிலே அண்மைக்காலத்துப் புதுமையாகும். அதற்கு முன்னரெல்லாம் பணம் போய்ச் சேர்ந்தது வெட்டுவோன் கைக்கே.

2007ஆம் ஆண்டு டிசெம்பரில் பாலித் தீவிலே கூடிய காலநிலை மாநாட்டில், வெப்பவலயக் காடுகளைக் காப்பதற்கு ஆண்டுதோறும் 300 கோடி குரோணர் வரை அளிப்பதாக நோர்வே அறிவித்தது. அடுத்த ஆண்டே பிறேசிலில் அமேசன் நிதி நிறுவப்பட்டது. 2019 வரையில் அந்நிதிக்கு நோர்வே வழங்கிய தொகை ஏறத்தாழ 120 கோடி டொலர். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவே. அச்செல்வம் வடகடலின் அடியிலிருந்து எடுத்த எண்ணெயும் வாயுவும் ஈட்டித் தந்தது. ஒரு கையாற் புகையை விற்று, மறு கையாற் புகையை உறிஞ்சும் மரத்துக்குப் படியளக்கும் விந்தை இது! ஆயினும் இதைச் சொல்லி நகைத்துவிட்டுப் போவதிற் பயனில்லை. பணம் கொடுக்கப்பட்ட முறையே நாம் ஆராயத்தக்கது.

முந்திய பத்தாண்டுகளின் சராசரிக் காடழிவைக் கணக்கிட்டு, அதனிலும் எவ்வளவு குறைந்ததோ அதனைக் காபனீரொட்சைட்டாக மாற்றி, தொன்னுக்கு 5 டொலர் என விலையிட்டார்கள். வேலை முடிந்த பின் கொடுக்கும் கூலி போன்றது அது. ஆகவே யாவும் ஓர் எண்ணைப் பொறுத்தே நின்றன.

நான் கற்பிக்கும் பாடசாலை இறப்பர்த் தோட்டங்களை அடுத்தது. உயர்தர வகுப்பிலே ஒருநாள் பேச்சுவாக்கில் இதனைக் கூறியபோது, பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, "அந்தக் கணக்க யாரு சேர் எழுதுறது?" என்று கேட்டாள். அவளுடைய தாய் விடியுமுன் பால்வெட்டப் போகிறவள். கொண்டுவந்த பாலின் நிறை குறைந்தால் அன்று அரைப்பேர்தான் விழும். தராசு யார் கையில் இருக்கிறது என்பது அவ்வீட்டிலே அன்றாடப் பேச்சு. பொருளியல் நூல்கள் பல சுற்றி வளைத்து வந்தடையும் கேள்வியை அவள் நேரே கேட்டுவிட்டாள்.

அவள் தாய் வெட்டும் மரமும் அமேசனிலிருந்து வந்ததுதான். 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் தப்பாஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தோட்டத்தில் முளைத்தவற்றுள் ஏறக்குறைய 1,900 கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆயிரம் விதைக்கு 10 பவுண் என விலை பேசியது இலண்டனிலிருந்த இந்தியா அலுவலகம். விதை பொறுக்கிக் கொடுத்த ஆற்றங்கரை மக்கள் அப்பேரத்தில் ஒரு தரப்பே அல்லர்.

நிற்க. மாணவியின் கேள்விக்கு வருவோம். அமேசனிலே அக்கணக்கை எழுதுவது பிறேசிலின் தேசிய விண்வெளி ஆராய்ச்சி நிலையம். அரசு பணத்தில் இயங்கும் அந்நிலையம் 1988 முதல் ஆண்டுதோறும் செய்மதிப் படங்களைக் கொண்டு காடழிவை அளந்து வருகிறது. அளந்ததை எவரும் காணும்படி வெளியிடுகிறது. 2004இல் அழிந்தது ஏறத்தாழ 27,700 சதுர கிலோமீற்றர். 2012இல் 4,500 அளவு. இவ்வீழ்ச்சியின் பெரும்பகுதி நோர்வேயின் முதற்காசு வருமுன்னரே நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2003 முதல் 2008 வரை சுற்றாடல் அமைச்சராயிருந்த மரினா சில்வா, ஆக்கிரி மாநிலத்து இறப்பர்த் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். காடு விழுந்த இடத்தை நாட்கணக்கில் அறிவிக்கும் செய்மதிக் கண்காணிப்பும், அதனை நம்பிச் சென்ற அதிகாரிகளும், புதிதாகப் பிரகடனப்படுத்திய காப்பகங்களும் செய்த வேலை அது. சொந்த மக்களின் வரிப்பணத்தில் வளர்ந்த விஞ்ஞானம் முன்னே சென்றது; அன்னிய நிதி பின்னே வந்தது. நமது பத்திரிகைகளில் வரும் செய்திகள் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன.

இவ்வெண்ணுக்கு எவ்வளவு வலிமை உண்டென்பது 2019இல் வெளிப்பட்டது. அழிவு ஏறுகிறதென நிலையம் அறிவித்ததும், சனாதிபதி பொல்சொனாரோ அதனைப் பொய்யென்றார். நிலையத்தின் தலைவர் ரிக்காடோ கல்வாவோ பணியாமல் எதிர்த்துப் பேசினார். ஓகஸ்டில் பதவி இழந்தார். நிதியை நடத்திய குழுக்களும் கலைக்கப்பட்டன. நோர்வேயும் ஜேர்மனியும் பணத்தை நிறுத்தின. 2021இல் அழிவு 13,000 சதுர கிலோமீற்றரைத் தாண்டிற்று. தலைவரை விலக்கினார்களேயன்றி அளவு நிறுத்தப்படவில்லை. அதனாலன்றோ இவ்வெண்ணையும் நாம் அறிகிறோம்! 2023 சனவரியில் லூலா ஆட்சி நிதியை மீண்டும் திறந்தது. 2024இல் அழிவு 6,300 அளவுக்கு இறங்கியது.

ஆயினும் செய்மதி காண்பது விழுந்த மரத்தை. விழவிடாமல் நின்றவனை அது காணாது. அளவு தொடங்கிய அதே 1988இல், டிசெம்பர் 22ஆந் திகதி, ஷாப்புரியிலே சீக்கோ மெண்டிஸ் தம் வீட்டு வாயிலிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரும் பால்வெட்டியவர், இளைஞரான பின்னரே, காட்டில் மறைந்து வாழ்ந்த ஒரு கம்யூனிஸ்டிடம் எழுத்தறிந்தவர். ஆணும் பெண்ணும் குழந்தையுமாக வாள்களின் முன்னே போய் நின்று மரத்தைக் காத்த சங்கத்தின் தலைவர். அப்போராட்டத்திற்குத் தொன்னுக்கு இத்தனை டொலர் என்று எவரும் விலையிடவில்லை.

2025 நவம்பரில் பெலெம் மாநாட்டிலே, நிற்கும் காட்டுக்கு ஹெக்டேயருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 டொலர் தரும் புதிய நிதியம் தொடங்கப்பட்டது. நோர்வே 300 கோடி டொலர் வாக்களித்துள்ளது. இம்முறை அது கொடையன்று, முதலீடு. திரளும் பணத்தை வளர்முக நாடுகளின் கடன்பத்திரங்களில் இட்டு, வட்டியில் எஞ்சுவதைக் காட்டுக்குத் தருவது திட்டம். அதாவது, காட்டுக்குப் போகும் காசின் ஊற்று கடன்பட்ட நாடுகளின் வட்டி. அவ்வட்டி எங்கிருந்து பிழியப்படுகிறது என்பதை, 2022ஐக் கண்ட இலங்கையருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அத்தொகையில் 20 வீதம் பழங்குடியினருக்கும் காட்டை அண்டி வாழ்வோருக்கும் என விதித்திருக்கிறார்கள். கிளைமூடிய நிலத்தைச் செய்மதி எண்ணிவிடும். இந்த 20 வீதம் எந்த ஊரை, எவர் வீட்டை அடைந்தது என்பதையும் ஆண்டுதோறும் எவரும் வாசிக்கத்தக்க பொதுக் கணக்காக வெளியிட வேண்டும். பணம் புறப்படுமுன்னரே அதனை எழுதுவோர் யார் என்பதும் தீர்மானிக்கப்பட வேண்டும்.