புழுதியில் காத்திருக்கும் விதை

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் சாலையில் இருக்கிறது குமராட்சி. தெற்கே கொள்ளிடம் இருந்தாலும், வயலுக்குத் தண்ணீர் கீழணையிலிருந்து வாய்க்கால் வழியாகத்தான் வரவேண்டும். அதற்கு மேட்டூர் திறக்கவேண்டும். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் அணை, 2016-இல் செப்டம்பர் 20-இல்தான் திறந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர மேலும் நாளாகும்.

அதுவரை இப்பகுதி விவசாயிகள் சும்மா இருப்பதில்லை. கிடைத்த மழை ஈரத்தில் உழுது, புழுதியிலேயே சம்பா நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள். ஆவணி, புரட்டாசி மழையில் பயிர் தூர்கட்டி நின்றால்தான், ஐப்பசி, கார்த்திகையில் வயலில் தேங்கும் வெள்ளத்தை ஓரளவு தாங்கும்.

காய்ந்த மண்ணில் விதை காத்திருக்கும். ஆனால் ஒரு தூறலுக்கு முளைத்து, பிறகு மழை நின்றுவிட்டால் இளம்பயிர் கருகும். விதையும் உழவுக்கூலியும் வீணாகும். எனவே விதையைக் கடினப்படுத்தி விதைப்பது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, அதில் ஒரு கிலோ விதையை 16 மணி நேரம் ஊறவைக்கவேண்டும். பின்பு பழைய எடைக்கு வரும்வரை நிழலில் உலர்த்தவேண்டும். செலவு குறைவு; மழை சற்றுத் தள்ளிப்போனாலும் பயிர் தாக்குப்பிடிக்கும்.