பழைய பேப்பரும் ஒரு ஜோடி வளையலும்

பழைய பேப்பர்காரர் தெருமுனையில் குரல் கொடுத்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்? பரண்மேல் இருக்கும் கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, தராசு முள்ளை உற்றுப் பார்ப்பீர்கள். விழுப்புரத்தில் இருக்கும் என் அக்கா அதை நிறுத்தி வெகு நாளாயிற்று. வீட்டுக்கு வருகிற காகிதத்தையெல்லாம் குழல் குழலாகச் சுருட்டிக் கூடை பின்னத் தொடங்கிவிட்டாள். கூடத்தில் கூடை, ஊஞ்சலில் கூடை. அத்தான் உட்கார இடமில்லை!

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி! வாசல் அறையில் கடை வைக்கப் போகிறேன். வேண்டாமென்று எறிகிற சாமான்களில் செய்த அழகுப் பொருள்கள் மட்டும்தான் விற்பேன். முதலுக்கு இந்த வளையல் இரண்டையும் அடகு வைக்கலாமென்று இருக்கிறேன். நீ பத்திரிகைக்காரன், நாலு இடம் பார்த்தவன். என்ன சொல்கிறாய்?" என்று கேட்டாள்.

அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. தங்கம் விஷயம் அல்லவா? "புதுச்சேரிக்கு ஒரு நடை போய் வருவோம், வா" என்றேன்.

கடற்கரையையும் பிரெஞ்சுக்காரர் காலத்து வீதிகளையும் பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். நாங்கள் முதலில் போனது சர்தார் பட்டேல் சாலைக்கு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கைக்காகிதத் தொழிற்சாலை 1959-ல் தொடங்கப்பட்டது. அங்கே காகிதத்துக்கு மூலப்பொருள் என்ன தெரியுமா? மிஞ்சிப்போன பருத்தித் துணித் துண்டுகள்!

அந்தத் துண்டுகளை முதலில் பொறுக்கிப் பிரிக்க வேண்டும். ஒரு பொத்தானோ நைலான் நூலோ கலந்துவிட்டால் காகிதம் கெட்டுப்போகும். பிறகு பொடியாக வெட்டி, தண்ணீரில் போட்டு, தோசை மாவுபோல் கூழாகும்வரை அரைக்கிறார்கள். சல்லடைச் சட்டத்தைத் தொட்டியில் அமிழ்த்தித் தூக்கினால், தண்ணீர் வடிந்து, பாலாடைபோல் ஒரு படலம் தங்குகிறது. அதைத் துணிமேல் கவிழ்த்து, அழுத்திப் பிழிந்து, கொடியில் உலர்த்தி, மெருகேற்றினால்தான் காகிதம். பூவிதழ் பதித்த காகிதமும் உண்டு; நீரில் வண்ணம் மிதக்கவிட்டு அலை அலையாகக் கோலம் பிடித்த காகிதமும் உண்டு.

"கந்தல் சும்மா கிடைக்கும் என்று நினைத்தேன். பொறுக்கி எடுக்கவே இத்தனை பாடா!" என்றாள் அக்கா. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

அங்கிருந்து ஆரோவில்லுக்குப் போனோம். புதுச்சேரிக்கு வடக்கே சில மைல் தூரம். 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கிய நகரம். 2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமி இந்தக் கரையோரக் கிராமங்களையும் விட்டுவைக்கவில்லை. பலருக்குப் படகு போயிற்று, வலை போயிற்று. அதன் பிறகு சுற்றுவட்டாரப் பெண்களுக்குப் பழைய செய்தித்தாளில் கூடையும் கிண்ணமும் கழுத்து மாலையும் செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். 'வெல்பேப்பர்' என்ற பெயரில் அவை விற்பனைக்கு வந்தன. அக்கா ஒரு கிண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பாகத்தை வெகு நேரம் ஆராய்ந்தாள். "என்னுடையதைவிட இறுக்கம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு துணிப் பொம்மை இருந்தது. சிரித்த முகம்.

"இது என்ன விலை, அம்மா?" என்று கேட்டாள்.

"அதற்கு விலை கிடையாது, அக்கா. சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள் அங்கிருந்த பெண்.

அக்கா திகைத்துப்போனாள். அது 'சுனாமிகா'. உபாசனா என்ற உடை நிலையத்தார், தையலில் மிஞ்சிய துணியைக் கொண்டு மீனவப் பெண்களுக்கு 2005-ல் இந்தப் பொம்மை செய்யப் பழக்கினார்கள். கடலைக் கண்டு அஞ்சிய மனம் தேறவேண்டும் என்பதே நோக்கம். அதனால் பொம்மையை விற்பதில்லை என்று தீர்மானித்தார்கள். செய்கிற பெண்களுக்குக் கூலி உண்டு. வாங்குகிறவர்கள் மனமுவந்து கொடுக்கும் நன்கொடையில் காரியம் நடக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா வெகு நேரம் பேசவில்லை. திண்டிவனத்துப் பெரியம்மா கொடுத்த பழைய டைரியை எடுத்துக் கணக்குப் போட்டாள். "பேப்பர் சும்மா வருகிறதே என்று ஒரு கூடைக்கு அறுபது ரூபாய் வைத்திருந்தேன், தம்பி. ஒன்று பின்ன ஆறு மணி நேரம் ஆகிறது. மணிக்குப் பத்து ரூபாய்! பசையும் வார்னிஷும் போனால் அதுகூட இல்லை."

"விலையை ஏற்றினால் வாங்குவார்களா?"

"பரிதாபப்பட்டு ஒரு தடவை வாங்குவார்கள். கூடை உழைத்தால்தான் மறுபடி வருவார்கள். இரக்கத்துக்காக என்றால் அந்தப் பொம்மை மாதிரி சும்மாவே கொடுத்துவிடலாம். விற்கிறதென்றால் கொடுத்த காசுக்கு உழைக்கவேண்டும்."

நேயர்களே, எத்தனையோ வியாபாரிகள் கடனில் மூழ்கிய பிறகு கற்றுக்கொள்ளும் பாடம் இது. அக்கா பஸ் டிக்கெட் செலவில் கற்றுக்கொண்டாள்.

வாசல் அறைக் கடை தள்ளிப் போடப்பட்டது. ஐந்து கூடைகளில் இரண்டு கிலோ வெங்காயம் வீதம் நிரப்பி, ஒரு மாதம் அடுக்களையில் வைத்தாள். இரண்டின் அடி தொங்கிப்போயிற்று. அடிப்பாகத்தை இரட்டைக் குழலாக மாற்றினாள். பிறகு தெருக்கோடி நோட்டுப் புத்தகக் கடையில் ஒரு தட்டு இடம் கேட்டு, இருபது உருப்படிகளை வைத்தாள்; விற்றால் காசு, விற்காவிட்டால் சரக்கு திரும்பும். கூடை விலை இருநூற்றைம்பது ரூபாய்!

முதல் மாதம் பதினொன்று போயின. அதில் மூன்று பேர் மறுபடி வந்தார்கள். கணக்கு இன்னும் சரிக்குச் சரிதான். லாபம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வளையல் இரண்டும் அவள் கையில்தான் இருக்கின்றன. கொஞ்சம் பசை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இதழையும் நீங்கள் ஒரு நாள் பழைய பேப்பர்காரரிடம் போடத்தான் போகிறீர்கள். போடுங்கள், எனக்கு வருத்தமில்லை. என் எழுத்து தாங்காத பாரத்தை இந்தக் காகிதம் தாங்கும் என்பதை அக்கா வீட்டு அடுக்களையில் கண்ணாரப் பார்த்துவிட்டேன்.