சென்சாரை மாத்தறதுக்கு முன்னாடி: ஹைப்ரிட் காரில் காற்றுக் கசிவு

ஹைப்ரிட் கார் வெச்சிருக்கீங்களா? செக் இன்ஜின் லைட் எரிஞ்சு, ஸ்கேனரில் பி0171 வந்தா, பணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

அந்த கோடுக்கு அர்த்தம்: பெட்ரோல் அளவுக்கு மேல காற்று இருக்கு. அவ்வளவுதான். உடனே "ஆக்சிஜன் சென்சார் மாத்தணும் சார்"ம்பாங்க. என்கிட்டயும் சொன்னாங்க. காய்ச்சல் காட்டுதுன்னு தெர்மாமீட்டரை மாத்தற கதைதான். (சென்சார் கெடவே கெடாதுன்னு சொல்லலை. முதல் சந்தேகம் அது இல்லை.)

காற்றை அளக்கிற சென்சாரைத் தாண்டி, ஏதோ ஒரு ஹோஸ் விரிசல் வழியா, கணக்கில் வராத காற்று உள்ளே போகலாம். இதுதான் வேக்குவம் லீக். ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் பாருங்க. கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்குதுன்னு அது சொல்லும். என் கேம்ரியில் ஐடிலிங்கில் +24, ஆர்பிஎம் ஏத்தினா +6. லீக்குக்கு இதுதான் டிபிகல் பிக்சர். ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கறதே கொஞ்சம் காற்று, அதில் ஓட்டை வழியா வர்றது பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறினா அந்தப் பங்கு சின்னதாயிடும். பெட்ரோல் பம்ப் பலவீனம்னா பெரும்பாலும் தலைகீழ், லோடு ஏற ஏற மோசமாகும்.

சாதாரண கார்னா ஐடிலிங்கில் விட்டுட்டு 'உஸ்' சத்தத்தைத் தேடலாம். ஹைப்ரிட் நின்னாலே இன்ஜினை அணைச்சிடும், ஸ்டெதஸ்கோப்போட நாம நிக்க வேண்டியதுதான். டொயோட்டா ஹைப்ரிட்களில் இன்ஜினை விடாம ஓட வைக்க மெயின்டனன்ஸ் மோடு உண்டு. மெக்கானிக்கை அதைப் போடச் சொல்லுங்க.

நான் கேட்டு வாங்கினது ஸ்மோக் டெஸ்ட். இதுக்கு இன்ஜினே ஓட வேண்டாம். இன்டேக் உள்ளே ரொம்பக் குறைஞ்ச அழுத்தத்தில் புகை விடுவாங்க, ஓட்டை இருக்கற இடத்தில் வெளியே வரும். நெஞ்சில் டியூப் போட்ட நோயாளிக்கு பாட்டிலில் குமிழி நிக்கலைன்னா, லீக் நுரையீரல்லயா டியூப்லயான்னு நொடி நேரம் கிளாம்ப் போட்டுப் பார்ப்போம். அதே தேடல்தான். எனக்கு பிசிவி ஹோஸோட அடிப்பக்கம் ஒரு நகக்கீறல் அளவு விரிசல். மேலிருந்து பார்த்தா தெரியவே தெரியாது. ஹோஸை மட்டும் மாத்தினோம், ட்ரிம் இறங்கிடுச்சு.

கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு லீக் தேடற பழைய முறையை வீட்டில் செய்யாதீங்க. சூடான இன்ஜின் மேல தீப்பிடிக்கற திரவம், பக்கத்துலயே 200 வோல்ட்டுக்கு மேல ஓடற ஆரஞ்சு கேபிள். இன்னொண்ணு, ரெடி லைட் எரியுதுன்னா, சத்தமே இல்லாட்டியும் இன்ஜின் எந்த நொடியும் தானா ஸ்டார்ட் ஆகும். பானெட்டுக்குள்ள கை விடறதுக்கு முன்னாடி பவரை ஆஃப் பண்ணி, சாவியைக் காரை விட்டுத் தள்ளி வையுங்க.