பிடி

1979 கோடை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வறண்டு கிடந்தது. தை மாதத்தில் மீனாட்சியும் சொக்கநாதரும் தெப்பத்தில் சுற்றிவரும் குளம். தண்ணீர் இல்லாத நாட்களில் பையன்களின் கிரிக்கெட் மைதானம். வாடகைக்கு எடுத்த அரை வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா கல்படிகளில் இறங்கினார்.

சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்தபடி ஓடிவந்தார். 'விட்றாதீங்கப்பா' என்று கத்தினேன். 'பிடிச்சிருக்கேன்டா, மிதி' என்றார். மறுபடி கேட்டபோது அதே பதில், ஆனால் வெகுதூரத்திலிருந்து. திரும்பிப் பார்த்தேன். விழுந்தேன். முழங்கால் தழும்பைவிட அந்தப் பொய்தான் நெடுநாள் இருந்தது. என் பிள்ளையிடம் இப்படிச் சொல்வதில்லை என்று ஒரு வீம்பு.

1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். விவசாயக் கூலிகள், கல்குவாரிப் பெண்கள், ஆசிரியைகள் எல்லோரும் ஓட்டினார்கள். நண்பர்கள் கூட்டத்தில் அதைப் பற்றி உற்சாகமாகப் பேசியவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகு பிறந்த என் மகளுக்குப் பதினைந்து வயதாகியும் சைக்கிள் தெரியாது. லாரி, பஸ், கூட்டம் என்று ஒவ்வொரு வருஷமும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

2008இல் அவள் பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அரசாங்க சைக்கிள் கொடுத்துவிட்டார்கள். அவள் அதைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தாள். அதற்கு மேல் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஊருக்கு வெளியே, வயலாக இருந்து மனைகளாகிவிட்ட நிலத்தில், எல்லைக் கற்களுக்கு நடுவே பழகினோம். வாக்கைக் காப்பாற்றினேன். ஒரு தடவைகூட விடவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று. அவளுக்கு வரவில்லை, எனக்கு இடுப்பு வலி வந்தது. ஒரு சாயங்காலம் காலை ஊன்றி நின்று சொன்னாள்: 'கையை எடுங்கப்பா. நீங்க பிடிச்சிருக்கறதுனாலதான் எந்தப் பக்கம் சாயுதுன்னே எனக்குத் தெரியல.'

அவள் சொன்னது சரி என்பது பின்னால் புரிந்தது. 2011இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பரிசோதனை வந்தது. சக்கரச் சுழற்சியின் கைரோ விளைவை நீக்கிச் செய்த ஒரு வண்டி, ஓட்ட ஆளில்லாமலே விழாமல் ஓடியிருக்கிறது. சாயும் பக்கமே முன்சக்கரம் திரும்புகிறது; திரும்பியதும் சக்கரங்கள் சாயும் பாரத்தின் அடியில் வந்துவிடுகின்றன. ஓட்டுகிறவன் உடம்பு கற்றுக்கொள்வதும் இதைத்தான். சாயவே விடாத கை, கற்க வேண்டிய ஒன்றையே மறைத்துவிடுகிறது. அப்பாவின் பொய்யில் இருந்த நியாயம் என் சத்தியத்தில் இல்லை. என் பிடி அவள் விழுந்துவிடுவாள் என்பதற்காக மட்டும்தானா என்று இன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கையை எடுத்தேன். அங்கிட்டும் இங்கிட்டும் நெளிந்து ஒரு கல்லில் இடித்து விழுந்தாள். ஓடினேன். 'அங்கேயே நில்லுங்க' என்றாள். அவளே எழுந்து ஏறினாள். இந்த முறை வண்டி நேராகப் போய், மண் ரோட்டில் ஏறி, சிறுத்துக்கொண்டே போயிற்று.

அவள் கேட்கவில்லை. என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது: 'பிடிச்சிருக்கேன்மா, மிதி.'