கட்டத்துக்குள் கரந்துறையும் விடை

‘திருப்பி வாசி, பாறசாலைக் கோயிலில் இருப்பவனை அழைக்கலாம் (2)’.

பாறசாலை மகாதேவர் கோயிலைத் தெரிந்தவருக்கு விடை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ‘வாசி’யைத் திருப்பினால் ‘சிவா’. கோயிலில் இருக்கும் சிவனை விளித்தாலும் ‘சிவா’. குறிப்பின் ஒரு பாதி எழுத்தைச் சொல்கிறது, மறுபாதி பொருளைச் சொல்கிறது. இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தால் அதுதான் விடை. அடுத்த வாரம் இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், யாரிடமும் சரிபார்க்கவும் வேண்டாம். விடையே தனக்குச் சாட்சி.

இப்படிப்பட்ட குறுக்கெழுத்துப் புதிர்களை எங்கள் ஊர்ப்பக்கத்துக்காகக் கட்டிவருகிறேன். நெய்யாற்றின்கரையைத் தாண்டி அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று போய்க் களியக்காவிளையில் முடியும் சாலையும் அதன் இருபுறக் கிராமங்களும்தான் எங்கள் ஊர்ப்பக்கம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பேச்சு அந்த எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்தவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு ஒரு சொல்லைக் கேட்டவுடன் இரண்டு பொருள் தோன்றும். புதிர் போடுகிறவனுக்கு இதைவிட நல்ல வாசகர்கள் கிடைக்க மாட்டார்கள்.

‘அங்கே ஊரை அடிக்கும், இங்கே தாகம் தணிக்கும் (4)’ என்று ஒரு குறிப்பு எழுதினேன். மதுரைக்காரருக்கு முதல் பாதியில் ‘வெள்ளம்’ தெரியும், இரண்டாம் பாதி தடுக்கும். பாறசாலையில் ஒரு டம்ளர் வெள்ளம் கேட்டுக் குடிக்கிறவருக்குத் தடுக்க எதுவுமில்லை.

பக்கத்து வீட்டு அம்மச்சி என் கட்டங்களைப் பார்த்துவிட்டு, “அழிப்பாங்கதையைப் பெட்டிக்குள்ள அடச்சு வச்சிருக்கியே, மக்களே” என்றார். விடுகதைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அழிப்பாங்கதை. தொல்காப்பியம் அதைப் ‘பிசி’ என்று தனி வகையாகவே வைத்துப் பேசுகிறது. ஆக, ஒளித்துச் சொல்லிக் கண்டுபிடிக்க வைக்கும் பழக்கம் நமக்கு மேற்கிலிருந்து வந்ததில்லை. கட்டம்தான் வந்தது. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் முதல் கட்டத்தை வெளியிட்டார். அடுத்த பத்தாண்டில் அது இங்கிலாந்துக்குப் போய், அங்கே டார்க்கிமாடா போன்ற புதிர்க்காரர்கள் கையில் சொல் விளையாட்டாக மாறியது. 1966இல் ஸிமெனஸ் என்ற புனைபெயர்க்காரர் இந்தக் கலைக்கு ஒரு நூலே எழுதினார். தமிழில் இதை முறையாகச் செய்துகாட்டியவர் வாஞ்சிநாதன். கலிபோர்னியாவிலிருந்து வெளிவரும் ‘தென்றல்’ மாத இதழில் அவர் கட்டிய புதிர்கள்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஆங்கிலக் கட்டத்தைப் பெயர்த்து வைத்தால் போதாது, தமிழெழுத்தின் போக்கில் போக வேண்டும் என்பதை அந்தப் புதிர்களை அவிழ்த்துத்தான் கற்றேன்.

தமிழெழுத்தின் போக்கு என்ன? ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் நிற்கும். ஆகவே ‘அ’ இருக்கும் கட்டத்தில் இரண்டு சொற்கள் வெட்டிக்கொண்டால் இரண்டுமே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். புள்ளி எழுத்தோ சொல்லைத் தொடங்கவே தொடங்காது. க், ச், ட், த், ப், ற் ஆறும் சொல்லை முடிக்கவும் முடிக்கா. மொழிக்கு முதலில் வருபவை 22, இறுதியில் வருபவை 24 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த அந்தச் சூத்திரங்கள், கட்டம் போடும்போது ஒவ்வொரு மூலையிலும் வந்து வழிமறிக்கின்றன. எல்லாக் கட்டமும் இரண்டு சொல்லுக்குப் பொதுவாக இருக்கும் அமெரிக்கப் பாணி தமிழுக்கு ஒத்துவராமல் போவது இதனால்தான். ஒன்றுவிட்டு ஒரு கட்டம் வெட்டிக்கொள்ளும் பிரிட்டிஷ் பாணி ஒத்துவரும். அதிலும் வெட்டும் இடத்தில் உயிர்மெய் இருந்தால்தான் சொற்கள் மூச்சுவிடும். நம் வார இதழ்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் பட்டியல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த நெருக்கடிக்கு அவர்கள் கண்ட வழி அது. நான் அதைப் பின்பற்றுவதில்லை. திரும்புவது குறிப்புக்குள் நடக்க வேண்டும், கட்டத்தில் நடக்கக் கூடாது என்பது என் கட்சி.

இன்னொரு தகராறு காதுக்கும் கண்ணுக்கும் இடையில். ‘நெய்யாற்றின்கரை’யில் ஆறு காதில் ஓடுகிறது. கட்டத்தில் எழுதிப் பாருங்கள்: நெ, ய், யா, ற், றி, ன், க, ரை. எங்கேயும் ‘ஆ’ இல்லை. அதனால் அதற்குள் ஆற்றை ஒளித்துவைத்ததாக நான் குறிப்பெழுத மாட்டேன். ‘களியக்காவிளை’யை எடுத்தால் கதை வேறு. ‘துறவியின் நிறம் களியக்காவிளைக்குள் தெரிகிறது (2)’. கா, வி இரண்டும் அடுத்தடுத்து, எழுத்து மாறாமல் நிற்கின்றன. ‘உதியன்குளங்கரை’யின் தலையில் ஒரு சேர மன்னன் பெயரே இருக்கிறது. ஊருக்கு அந்தப் பெயர் வந்த வரலாறு வேறாக இருக்கட்டும்; புதிர் போடுகிறவன் எழுத்துக்குத்தான் கட்டுப்பட்டவன். ‘க’வை க், அ என்று உடைத்துக் கலைப்பவர்களும் உண்டு. முன்கூட்டிச் சொல்லாமல் அப்படிச் செய்வது அவிழ்ப்பவரை ஏமாற்றுவது.

தமிழ் எடுத்துக்கொள்வதைப்போல் கொடுக்கவும் செய்கிறது. வேற்றுமை உருபை விட்டுவிட்டுப் பேசும் வழக்கம் நம்முடையது. ‘பாரதி சொத்து சிதறி விதைக (3)’ என்று எழுதலாம். படிப்பவருக்கு அது பாரதியின் சொத்தைத் தூவச் சொல்லும் வாக்கியம். அவிழ்ப்பவருக்கு ‘விதைக’ என்ற மூன்றெழுத்தும் சிதறிக் ‘கவிதை’யாகின்றன. ‘இன்’னும் ‘ஐ’யும் தொக்கி நின்றதால்தான் ‘பாரதி சொத்து’ என்ற பொருட்பகுதி சுத்தமாகத் தனியே கழன்று வருகிறது. ஆங்கிலத்தில் இதற்கு எத்தனையோ இடைச்சொற்களை மறைக்க வேண்டியிருக்கும்.

இனி ஒளிவிடை. எல்லாக் குறிப்புகளையும் அவிழ்த்துக் கட்டங்களை நிரப்பிய பிறகும் புதிர் முடியாமல், நிரம்பிய சொற்களே சேர்ந்து கேள்வியாக நிற்கும். அதற்கும் ஒரு விடை உண்டு. அது எந்தக் கட்டத்திலும் எழுதப்பட்டிருக்காது. இதுவும் நமக்குப் புதிதில்லை. சோழர் காலத்துத் தண்டியலங்காரம் சித்திரகவிகளைச் சொல்லும்போது, ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் மறைந்திருக்கும் கரந்துறைச் செய்யுளைச் சொல்கிறது. மூன்றடியில் நான்காம் அடியை ஒளிக்கும் கூடசதுர்த்தத்தைச் சொல்கிறது. பல கேள்விகளுக்கான விடைகள் ஒன்றுசேர்ந்து ஒரே விடையாகும் வினாவுத்தரத்தையும், எழுத்தை நீக்கிக்கொண்டே போய் வேறுவேறு சொல் பெறும் அக்கரச்சுதகத்தையும் சொல்கிறது. புலவர்கள் இவற்றை ‘மிறைக்கவி’ என்று ஒதுக்கிவைத்தார்கள். கவிதையாக அவை எப்படியோ, புதிர் போடுகிறவனுக்கு இவ்வளவு நல்ல கருவிப்பெட்டி வேறெங்கும் இல்லை.

எங்கள் ஊர்க் கதை ஒன்றை வைத்து ஒளிவிடை கட்ட நினைத்தேன். நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு இருக்கிறது. பின்னாளில் 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மா, எதிரிகளான எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது அந்தப் பலாமரத்தின் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. ஒளிந்தவனின் கதைக்கு ஒளிவிடை பொருத்தம். விடை ‘சக்கை’ என்று முடிவுசெய்தேன். பலாப்பழத்துக்கு எங்கள் வாயில் அதுதான் பெயர். பாறசாலைக்குப் பக்கத்தில் இடிச்சக்கப்பிலாமூடு என்று ஓர் ஊரே இருக்கிறது.

ச, க், கை. இந்த மூன்றை எங்கே ஒளிப்பது? சொற்களின் முதலெழுத்தில் ஒளிக்க வழியில்லை, க் எந்தச் சொல்லையும் தொடங்காது. கடைசி எழுத்திலும் வழியில்லை, எந்தச் சொல்லையும் அது முடிக்காது. ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைக் கோத்துவிட்டுப் போய்விடலாம். இங்கே சூத்திரம் கதவைச் சாத்திவிட்டது. திறந்திருந்தது அக்கரச்சுதகம் ஒன்றுதான். சொல்லின் நடுவிலிருந்து ஓர் எழுத்தை உருவ வேண்டும், உருவிய பிறகும் மிஞ்சுவது சொல்லாக இருக்க வேண்டும், உருவிய எழுத்துகள் வரிசையாக நின்று ‘சக்கை’யாக வேண்டும், சொற்களோ மார்த்தாண்டவர்மா கதையைச் சொல்ல வேண்டும். பல இரவுகள் அகராதியைப் புரட்டிக் கிடைத்தவை இவை: அரசன், இலக்கு, பகைவன். எழுத்து போனபின் அரன், இலகு, பவன்.

குறிப்புகளை இப்படி எழுதினேன்.

‘சிவனுக்குள் சபையின் தலை, நாடாள்பவன் (3)’.

‘எளிதில் முதல் மெய் புகுந்தால் வில்லாளி பார்ப்பது (3)’.

‘மாளிகையில் கை வைத்தால் எதிரி (3)’.

முதல் குறிப்பில் ‘சபை’யின் தலையெழுத்து ‘ச’ அரனுக்குள் போனால் அரசன். இரண்டாவதில் ‘எளிதில்’ என்பது வேகமாகப் படிப்பவருக்கு வினையடை; நின்று படித்தால் ‘எளிது என்பதற்குள்’. முதல் மெய் என்றால் க். இலகுவுக்குள் க் புகுந்தால் இலக்கு. மூன்றாவதில் பவனுக்குள் கை. ‘இல்’ என்ற ஒற்றை உருபு இடத்தையும் காட்டி ஒளிவையும் காட்டுகிறது. இந்த வசதிக்காகவே தமிழில் புதிர் போடலாம். விடைகள் மூன்றுக்கும் நான்கு எழுத்து. அடைப்புக்குள்ளோ மூன்று, கட்டத்திலும் மூன்றுக்குத்தான் இடம். அவிழ்ப்பவர் முதலில் திகைப்பார். பிறகு, நடுவில் புகுந்த எழுத்தை வெளியே போட்டால்தான் சொல் கட்டத்துக்குள் அமரும் என்று கண்டுகொள்வார். வெளியே போட்டவற்றைச் சேர்த்தால் சக்கை. புதிருக்கு நான் வைத்த தலைப்பு ‘எறிந்துவிடாதீர்கள்’. கரும்பைப் பிழிந்தபின் எறியும் சக்கையாகத் தமிழ்நாட்டு வாசகர் அதைப் படிக்கலாம். அரசனைக் காத்த மரத்தின் பழமாக எங்கள் ஊர்க்காரர் படிக்கலாம். இரண்டும் சரி.

இதை அவிழ்த்த ஓர் இளைஞர், “கண்ணு முன்னால கெடந்தும் காணல்லியே, சாரே” என்றார். ஒளிவிடைக்கு அதைவிட நல்ல பாராட்டு இல்லை. விடை எப்போதும் கண்ணெதிரில் கிடக்க வேண்டும். யாருக்கும் தெரியாத சொல்லைப் பூட்டிவைப்பது திறமையாகாது. அவிழ்ப்பவர் கடைசியில் வெல்ல வேண்டும், வென்றபின் ‘வேறு விடைக்கு இடமே இல்லை’ என்று அவருக்கே தோன்ற வேண்டும். அப்படித் தோன்றவில்லை என்றால் புதிர் தோற்றது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1930களில் வாசன் காலத்து ஆனந்த விகடன் முதலான இதழ்களில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி பெரும் மோகமாக இருந்தது. அந்த வகைப் போட்டியில் ஒரே குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்தும். உறையில் முத்திரையிட்டு வைத்த சொல்லை எழுதியவருக்குப் பரிசு. அறிவுக்கு அங்கே பாதி வேலைதான், மீதி அதிர்ஷ்டம். நாடெங்கும் இது பெருகியதால் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. ஒரு மாதத்தில் கொடுக்கும் மொத்தப் பரிசு 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு போட்டிக்கு 2000 விண்ணப்பங்களுக்கு மேல் ஏற்கக் கூடாது என்று அது கட்டுப்படுத்தியது. அது அதிர்ஷ்டப் போட்டிகளுக்கே பொருந்தும், திறமைப் போட்டிகளுக்குப் பொருந்தாது என்று 1957இல் உச்சநீதிமன்றம் விளக்கியது. பரிசு போனபின் எளிய பொருள் கேட்கும் கட்டங்கள் மட்டும் நம் இதழ்களின் ஓரத்தில் தங்கிவிட்டன. எழுத்தாலும் பொருளாலும் இருமுறை நிரூபிக்கும் புதிருக்குப் பெரிய இதழ்களில் இன்றும் போதிய இடமில்லை.

ஆசிரியர்கள் வாரம் ஒரு பக்கம் ஒதுக்கலாம். அதுவரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப்பெயரை ஓர் எழுத்துக்கு ஒரு கட்டமாக எழுதுங்கள். நடுவில் எந்தச் சொல் கிடக்கிறது, எந்த எழுத்தை எடுத்தால் வேறு சொல் பிறக்கிறது, திருப்பினால் என்ன வருகிறது என்று பாருங்கள். ஏதாவது ஒன்று கட்டாயம் அகப்படும். அதை ஒரே வாக்கியத்தில் குறிப்பாக எழுதி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போடுங்கள். தமிழ் பேசத் தெரிந்தும் எழுதப் பழகாத பிள்ளைகளாக இருந்தால் கட்டாயம் போடுங்கள்.